மற்றும் பலர்

உங்கள் பிறந்தநாள் என்றைக்கு? ஆதார் அட்டையில் அச்சாகியிருக்கும் தேதியைக் கேட்கவில்லை. நிஜமாகவே என்றைக்குப் பிறந்தீர்கள்?

சட்டென்று பதில் வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். செஞ்சிக் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பீமாராவிடம் ஐம்பத்தேழு வயதை நெருங்கியும் அந்தப் பதில் இல்லை. அது ஒரு குறை என்றும் அவருக்குத் தோன்றியதில்லை. எதிர்க்கடை அமலா அந்தக் கரும்பலகையை வாசலில் வைத்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

அமலா நடத்துவது ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்று, பட்டா, பான் கார்டு என்று எது வேண்டுமானாலும் சுற்றுவட்டாரமே அங்கேதான் வந்து நிற்கும். கூட்டம் சேர்ந்ததும் சர்வர் படுத்துக்கொள்ளும். நிற்கிறவர்கள் சர்வரை விட்டுவிட்டு அமலாவைத் திட்டுவார்கள். திட்டுகிற வாயை வேறு பக்கம் திருப்ப வழி தேடிய அமலா, மூடிப்போன டியூஷன் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கரும்பலகையைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்தாள். மேலே 'இந்த நாளில்' என்று தலைப்பு. கீழே அந்தத் தேதியில் நடந்த ஒரு சரித்திரச் செய்தி. அதற்கும் கீழே, அதே தேதியில் பிறந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயர். ஊரே அவளிடம் அட்டையை நீட்டுவதால் யார் என்றைக்குப் பிறந்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. "போர்டுல போடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள். வருஷத்தை மட்டும் எழுத மாட்டாள். அது பெண்கள் போட்ட நிபந்தனை. ஆண்கள் யாரும் அதை எதிர்க்கவில்லை.

போன அக்டோபர் மூன்றாம் தேதி, 'ராஜா தேசிங்கு போர்க்களத்தில் மாண்ட நாள்' என்று எழுதி, அதன் அடியிலேயே 'பழக்கடை விருத்தாம்பாளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து' என்று எழுதினாள். அன்று பூராவும் விருத்தாம்பாளைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ராஜா போன நாளு, ராணி வந்த நாளு" என்று கூவியே இரண்டு பெட்டி ஆப்பிளை விற்றுத் தீர்த்தாள். அதற்குப் பிறகு கூட்டுரோட்டில் யாரும் அந்தப் பலகையைப் பார்க்காமல் தாண்டுவதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பலகைக்கு ஜூன் ஒன்றாம் தேதி வந்தது.

அந்தத் தேதியைப் பற்றிச் செஞ்சிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் வாத்தியார் பிறந்த தேதி கேட்பார். பெற்றவர்கள் முழிப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில் என்பதால், ஜூன் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். கைநாட்டும் வாங்குவார். அப்படிக் காது தொட்டுப் பிறந்தவர்கள் அமலாவின் கணக்கில் மட்டும் நாற்பத்து மூன்று பேர்.

பலகை இரண்டடிக்கு மூன்றடி. அகர வரிசையில் எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று அமலா நினைத்தாள். ஆதவனில் ஆரம்பித்து, பொடி எழுத்தில் எழுதி எழுதி, 'த' வரிசை வருவதற்குள் பலகை முடிந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரு விரல் இடத்தில் 'மற்றும் பலர்' என்று எழுதி முடித்தாள்.

பீமாராவ் 'ப'.

அன்று காலை ஏழு மணிக்கே சவரம் செய்து, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்திருந்தார். பலகையை மேலிருந்து கீழே படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பின்னால் நின்றிருந்த ஜெயராமனும் படித்தான். ஜெயராமன் பக்கத்து ஆட்டோக்காரன். செஞ்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அதற்குச் சீட்டு வைத்திருப்பவன், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

"இன்னாண்ணே, உம் பேரு இல்லியா?"

"இருக்குதுடா. கடைசியில."

"எங்க?" என்று குனிந்து பார்த்தான் ஜெயராமன். "ஓ, மற்றும் பலர். அது நீதானா?"

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பெயர் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. "மற்றும் பலர், கோட்டைக்கு ரெண்டு டிக்கெட்டு வருது, வண்டிய எடு." "மற்றும் பலர் டீ குடிச்சாச்சா?" பஸ் ஸ்டாண்டு பூக்காரி, ஜெயஸ்ரீ என்று சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள், அவளே ஒருநாள் "வாங்க மற்றும் பலர் அண்ணே" என்றாள்.

பீமாராவ் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிடும்போது அந்த இரண்டு வார்த்தையும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. மனைவி மீனம்பாள் போய் நான்கு வருஷம். மகள் ஓசூரில். அம்மா தைலம்மாள் இருந்தவரைக்கும் ஆடி பிறந்த வாரத்தில் ஒருநாள், "இந்த மாதிரி ஒரு நாள்லதான்டா உன்னப் பெத்தேன். நெலாவுல மனுசன் கால வெச்சான்னு ரேடியோவுல சொன்ன காலையில" என்பாள். அது என்ன தேதி என்று அவளுக்குத் தெரியாது. இவரும் கேட்டதில்லை. பிறந்தநாள் என்பதெல்லாம் கேக் வெட்டுகிற வீடுகளுக்கு என்று நினைத்திருந்தார்.

ஜூலை பதினொன்றாம் தேதி, செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாகி ஒரு வருஷம் என்று அமலா பலகையில் எழுதினாள். ஜெயராமன் விடுவானா? "பாத்தியாண்ணே, இத்தினி வருசம் நின்ன கோட்டைக்கே ஒரு பொறந்தநாளு கெடச்சிடுச்சி. உனக்குதான் இன்னும் ஆவல."

பீமாராவ் வண்டியை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குள் போனார்.

"அமலா, நான் ஜூன் ஒண்ணுல பொறக்கல."

"யாருமே ஜூன் ஒண்ணுல பொறக்கலண்ணே" என்றாள் அமலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் நெலாவுல கால் வெச்ச அன்னிக்கிப் பொறந்தவன். எங்கம்மா சொல்லியிருக்குது. அந்தத் தேதியில எம்பேர போடு."

அமலா நிமிர்ந்தாள். "சொல்லியிருக்குதுன்னு போட்டா நாளைக்கி ஊரே சொல்லியிருக்குதுன்னு வந்து நிக்கும். அட்டையில இருக்கணும். இல்லன்னா சாட்சி வேணும்."

"எங்கம்மா செத்து ஒம்பது வருசம் ஆவுது."

"வேற யாரும் இல்லியா? அன்னிக்கி ஊர்ல இருந்தவங்க?"

பீமாராவ் யோசித்தார். இருந்தாள் ஒருத்தி. ஆனால் அவள் அன்றைக்கு ஊரில் இருந்தவள் இல்லை, அன்றைக்கு ஊருக்கு வந்தவள். தளவானூர் நிலா.

நிலாவின் அப்பா கட்சிக்காரர், பேப்பர் படிப்பவர். அந்தக் காலையில் பிறந்த மகளுக்கு அன்றைய செய்தியையே பெயராக வைத்தார். பீமாராவும் அதே தெருதான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் அன்றிலிருந்தே பேச்சு வார்த்தை கிடையாது. ஏன் என்று இவருக்குச் சரியாகத் தெரியாது. இவர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது குடும்பம் செஞ்சிக்கு வந்துவிட்டது.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு தளவானூர் போனார். ஆடிப் பட்டத்து விதைப்புக்காக நிலா வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பீமா, வழி தவறி வந்துட்டியா? பொண்ணு கல்யாணப் பத்திரிகையா?"

"எம்பொண்ணுக்குக் கல்யாணமாயி ஆறு வருசம் ஆவுது. உனக்குப் பத்திரிக வெச்சேனே."

"வெச்சியா? அப்ப நான்தான் வரல. உக்காரு. சும்மா உக்காராத, உரி."

பீமாராவ் உட்கார்ந்து ஒரு பிடி மல்லாட்டையை எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நிலா கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஆக, எம் பொறந்தநாள்ல பங்கு கேட்டு வந்திருக்கிற."

"பங்கு இல்ல நிலா. எனக்கும் அன்னிக்குதான்."

"அன்னிக்கி நீயும் பொறந்திருந்தா உனக்கு இன்னா பேரு வெச்சிருப்பாங்க, ராக்கெட்டா?"

"ஆம்பளப் புள்ள பொறந்தா பீமாராவ்தான்னு எங்க நைனா முன்னாடியே சொல்லிட்டாரு. நெலாவுக்கு எவன் போனா அவருக்கு இன்னா."

"நீ எனக்குப் பத்து நாள் சின்னவன். எங்கம்மா சொல்லும்." ராஜம்மாள், அதாவது நிலாவின் அம்மா, சொன்னதை எல்லாம் நிலா சாசனமாக வைத்திருப்பவள். "உங்கம்மா பேர எடுத்தாலே எங்கம்மாவுக்கு ஆவாது. ஏன்னு தெரியுமா?"

"தெரியாது. அதையுந்தான் சொல்லு."

"ஊர்ல அத்தினி பேருக்கும் பிரசவம் பாத்தது யாரு? உங்கம்மா. எங்கம்மாவுக்கு வலி வந்துச்சி, எங்க நைனா உங்க வூட்டுக்கு ஓடுனாரு. கதவு சாத்தியிருக்குது. தைலம்மா, தைலம்மான்னு கத்துறாரு. இன்னிக்கி வராதுன்னு உள்ள இருந்து யாரோ சொல்றாங்க. கூடவே முனகுற சத்தம் வேற."

"முனகுற சத்தமா?"

"ஆமா. வரக் கூடாதுன்னு ஒடம்பு முடியாத மாதிரி நடிப்பு. எங்க நைனா திரும்பி வர்றப்ப பஞ்சாயத்து ரேடியோவுல நெலாவுல கால வெச்சிட்டான்னு சொல்றான். வூட்டுக்கு வந்து பாத்தா, யாருமே புடிக்காம நானே பொறந்து கெடக்கறேன். எங்கம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி. சோத்துக்கு உப்பு போடும்போதுகூட உங்கம்மாவ திட்டிக்கினேதான் போடும். முனகினா பாரு தைலம்மா, மகா நடிப்புக்காரின்னு."

பீமாராவின் கையிலிருந்த மல்லாட்டை உடையாமல் அப்படியே இருந்தது.

"நிலா, எங்கம்மா எந்நேரத்துல கூப்ட்டாலும் எழுந்து போவும். காய்ச்சல்லகூட போயிருக்குது. வராதுன்னு சொன்னது அந்த ஒரு நாள்தான்."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் வரல?"

"ஏன் முனகிச்சி?"

நிலா மூன்று மல்லாட்டை உரித்தாள். நான்காவதை எடுத்து, உரிக்காமல் கீழே போட்டாள்.

"அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதுன்னு எங்கம்மா சொல்லிச்சே."

"நான் ஒரு மாசம் முந்திக்கினேன் போல."

"பத்து நாள் கழிச்சிதான் புள்ளயத் தூக்கிக்கினு வெளிய வந்துதாம்."

"கொறப் புள்ளய வேற எப்படித் தூக்கிக்கினு வரும்?"

வேப்பமரத்தில் ஒரு காக்கை இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "உங்கம்மா ஏன் ஒருதரம்கூட சொல்லல?" என்று கேட்டாள் நிலா, குரல் தாழ்ந்து.

"உங்கம்மா கேட்டாதான? கேக்காதவங்ககிட்ட எங்கம்மா எதையும் சொல்லாது."

நிலா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "சரி, சாட்சிக்கி வரேன். ஆனா போர்டுல எம்பேருதான் மொதல்ல இருக்கணும்."

"யாரு பெரியவங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாம இன்னா? நான் பொறக்கறப்ப நீ இன்னும் முனகல்லதான இருந்த."

பீமாராவ் வண்டியைக் கிளப்பினார்.

அன்று மத்தியானமே இருவரும் அமலாவின் முன்னால் நின்றார்கள். நிலாவின் அட்டையிலும் அதே ஜூன் ஒன்றுதான். அமலா கதையைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே செல்போனைத் தட்டினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் சரிண்ணே. நெலாவுல கால் வெச்சது ஜூலை இருவது. ஜூலை இருவதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்குது. மருந்துக்கடை செந்தமிழன். அவரு அட்டையோட இருக்காரு. அவரோட சேத்துப் போடட்டுமா?"

பீமாராவுக்கு முகம் விழுந்துவிட்டது. அட்டை வைத்திருக்கும் செந்தமிழனுக்குக் கீழே, மற்றவர்களில் ஒருவராக. திரும்பவும் அதேதான்.

"அன்னிக்கி இன்னா கெழம?" என்று கேட்டாள் நிலா.

அமலா பார்த்தாள். "ஞாயித்துக்கெழம."

"அப்ப அது இல்ல. நாங்க பொறந்தது திங்கக்கெழம. எங்கம்மா எதுக்கெடுத்தாலும், திங்கக்கெழம பொறந்தது சொன்ன பேச்சு கேக்குமான்னுதான் திட்டும். ஞாயித்துக்கெழமன்னு ஒரு நாளும் திட்டினது கெடையாது."

அமலா மறுபடி தட்டினாள். இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் உதடு மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

"அட, ஆமாம். போன்ல போட்டிருக்கிறது அமெரிக்காக்காரன் தேதி. அவனுக்கு ஞாயித்துக்கெழம ராத்திரி. நமக்குத் திங்கக்கெழம காலையில எட்டர மணி வாக்குல. இருவத்தொண்ணு."

"நாங்க இன்னா அமெரிக்காவுலயா பொறந்தோம்?" என்றாள் நிலா.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும். பீமாராவ் ஏழரையிலிருந்து அந்தப் பக்கமாக மூன்று தடவை வண்டியில் போய் வந்தார். மூன்று தடவையும் வண்டியில் ஆள் இல்லை. எட்டே காலுக்குப் பலகை வெளியே வந்தது.

'இந்த நாளில். 1969: மனிதன் முதன்முதலாக நிலவில் காலடி வைத்தான் (நம்ம ஊர் நேரப்படி). பிறந்தநாள்: தளவானூர் நிலா, ஷேர் ஆட்டோ பீமாராவ்.' அதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, 'வேறு யாரும் இல்லை.'

ஜெயராமன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு படித்தான். "இன்னாம்மா அமலா, சிவாஜி செத்த நாளும் இன்னிக்குதான். அத்த போடல?"

"எந்த சிவாஜி? நம்ம கோட்டையப் புடிச்சவரா?"

"நடிச்சவரும்மா."

"போர்டுல எடமில்ல. அடுத்த வருசம் பாக்கலாம்."

"மற்றும் பலருக்கு வந்த வாழ்வப் பாரு" என்று முனகிக்கொண்டே போனவன், கால் மணி நேரத்தில் பேக்கரியிலிருந்து ஒரு கிரீம் பன்னோடு திரும்பி வந்தான். மெழுகுவத்திக்குப் பதில் ஒரு தீக்குச்சியைச் செருகியிருந்தான். பற்ற வைப்பதற்குள் காற்று அணைத்தது. மூன்றாவது குச்சியில் பீமாராவ் ஊதினார். ஜெயஸ்ரீ ஒரு முழம் கதம்பத்தை ஆட்டோவின் கண்ணாடியில் கட்டினாள். கோட்டைக்குப் போன பாண்டிச்சேரிக்காரர்கள் பலகையையும் பூவையும் பார்த்துவிட்டு, இறங்கும்போது கைகொடுத்துவிட்டுப் போனார்கள். பீமாராவ் அன்று எத்தனை நடை போனார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு நடையும் அமலா கடை வழியாகத்தான் போனது. மேல்சித்தாமூர் போக ஏறியவர்களைக்கூட அந்த வழியாகச் சுற்றிக்கொண்டுதான் அழைத்துப் போனார்.

பதினொரு மணி பஸ்ஸில் நிலா வந்தாள். தூக்குவாளியில் அவித்த மல்லாட்டை. பலகையின் முன்னால் நின்று தன் பெயர் முதலில் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டாள். பிறகும் நகரவில்லை.

"அமலா, 'வேறு யாரும் இல்லை'ன்னு போட்டிருக்கியே. ரெண்டு பேரு இருக்காங்களே."

"யாரு?"

"எங்கம்மா ராஜம்மா. அவங்கம்மா தைலம்மா. அன்னிக்கி வேல செஞ்சது அவங்கதான?"

பீமாராவ் ஆட்டோவை விட்டு இறங்கி வந்தார். "ஒரே வரியில போட்டா சண்ட போட்டுக்குவாங்க நிலா."

"நடுவுல ஒரு கமா போட்டுட்டாப் போச்சி."

அமலா ஈரத்துணியை எடுத்து 'வேறு யாரும் இல்லை' என்பதைத் துடைத்தாள். அந்த இடத்தில் 'பெற்றவர்கள்: ராஜம்மாள், தைலம்மாள்' என்று எழுதினாள். கமாவைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். நிலா தூக்குவாளியைத் திறந்தாள். மூன்று பேரும் நின்றபடியே மல்லாட்டை தின்றார்கள். ஓடு மட்டும் கீழே விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அமலா வந்தபோது கடை வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பத்துப் பேர் ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள். முதலில் நின்றவர் ராஜாராம். பெரிய புயல் அடித்த அன்று தான் பிறந்ததாகச் சொன்னார். எந்தப் புயல் என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோராவது ஆள் பீமாராவ். அவர்களை இரண்டு நடையில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான்.